முதலில் சிவப்புதான் போகும்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் இருந்த அந்த ஸ்டிக்கர் கடைக்குள் யார் நுழைந்தாலும், அக்கா “என்ன வேணும்?” என்று கேட்க மாட்டார். கைவேலையிலிருந்து நிமிராமலே, “வண்டிய எந்தப் பக்கம் பாத்து நிப்பாட்டுவீங்க?” என்பார்.

முதல் தடவை என்னிடம் கேட்டபோது எனக்குச் சுள்ளென்று வந்தது. ஸ்பிரிங்வெளியிலிருந்து டவுனுக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் என்னுடையது. விடியுமுன் எழுந்தவன், பசி வேறு. ‘பாடசாலை சேவை’ என்று இரண்டு வார்த்தை ஒட்ட வந்தவனிடம் சாத்திரக்காரி மாதிரித் திசை கேட்டால் எரிச்சல் வராதா?

“எந்தப் பக்கம் பாத்தா என்னக்கா? வேன் சாமி கும்பிடவா நிக்குது?” என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தார். “கும்பிடல. வெயில் குடிச்சிக்கிட்டு நிக்குது” என்றார்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. எழுதினாலும் பதுளையில் யாருக்கும் ஆள் புரியாது. ஸ்டிக்கர் அக்கா என்றால்தான் புரியும். ஐம்பதை ஒட்டிய வயது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் மாதிரிச் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார். நாலைந்து வருஷம் கொழுந்து பறித்தவர்தான். சட்டைப்பையில் ஒரு கட்டர், ஸ்டிக்கரைத் தேய்த்து ஒட்டுகிற ரப்பர் துண்டு ஒன்று. இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். அக்கா கொஸ்லந்தைப் பக்கம் தங்கச்சி வீட்டோடு போய்விட்டதாகக் கேள்வி.

அவருக்கு வேலை ஸ்டிக்கர் அடிப்பது என்றாலும் அக்கறையெல்லாம் அது எப்போது மங்கும் என்பதில்தான் இருந்தது. பெட்டியைத் திறந்து புத்தம் புதிய ஸ்டிக்கரை விரித்துக் காட்டும்போதே, “இந்தச் செவப்பு அடுத்த தீவாளியப் பாக்காது, மஞ்சள் அதுக்கும் முன்னாடியே போயிரும், நீலம் நிக்கும், கறுப்பு எல்லாத்தையும் விட நிக்கும்” என்று சொல்லிவிடுவார். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைக் குனிந்து பார்த்து அதற்கு ஆயுள் சொல்வது போல இருக்கும். வந்தவர் முகம் செத்துப்போகும். சிலர் அப்படியே இறங்கிப் போய்விடுவார்கள்.

“இப்படிச் சொன்னா யாருக்கா வருவா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வந்தவங்க திரும்பிச் சண்டைக்கு வராம இருப்பாங்கல்ல” என்றார்.

மலைநாட்டுக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி ஓர் இளக்காரம் உண்டு. குளிர்கிறது, பனி மூடுகிறது, இங்கே என்ன வெயில் என்று நினைப்போம். அக்கா அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். “ஒசரத்துல இருக்கோம் தம்பி. ஒடம்புக்குத்தான் சுடல. சாயத்துக்கு இங்கதான் கூடச் சூடு” என்பார். கூரையிலும் என்ஜினுக்கு மேலே முன் மூடியிலும் ஒட்டினால் வெயில் நேராக மேலே விழும், சீக்கிரம் போகும். பக்கவாட்டில் ஒட்டினால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மேற்கே பார்த்து நிற்கிற பக்கம் முதலில் வெளுக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறவன் வெயிலுக்கு ஒத்தாசை செய்கிறான். இதெல்லாம் யாரும் கேட்காமலே சொல்வார்.

மங்கின வண்டியைப் பார்த்து அதன் வாழ்க்கையையே சொல்லிவிடுவார் என்பதுதான் எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். ஒருநாள் கடை வாசலில் வந்து நின்ற ஆட்டோவை உள்ளே இருந்தபடியே பார்த்தார். இடதுபக்க எழுத்து வெளுத்திருந்தது, வலதுபக்கம் புதுசாக இருந்தது. “ஹாலிஎல ஸ்டேஷனுக்கு மேல நிக்கிற வண்டி. பின்னேர வெயிலுக்கு மறைப்பே இல்ல” என்றார். ஆட்டோக்காரர் வாயைப் பிளந்துவிட்டார்.

அந்தத் திறமை வம்பிலும் மாட்டிவிட்டிருக்கிறது. இன்னொரு வேனுக்கு முதலாளி ஒருவர், ஓட்டுகிறவர் வேறொருவர். இருவரும் சேர்ந்து வந்திருந்தார்கள். வேன் பகலெல்லாம் கொட்டகைக்குள்தான் நிற்கிறது, அப்படியும் எழுத்து ஏன் போனது என்று முதலாளி கேட்டார். அக்கா கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு, “கொட்டகையா? இது பகல் பூரா வெட்டவெளியில நின்ன வண்டிங்க” என்று பட்டென்று சொல்லிவிட்டார். வண்டியை ஓட்டினவர் அதை வேறெங்கோ கொண்டுபோய் நிறுத்தி, சொந்த வேலை பார்த்துக்கொண்டிருந்தது அந்த நிமிஷமே வெளியில் வந்தது. மனுஷனுக்கு வேலை போகாமல் தப்பியது பெரிய காரியம். “கொஞ்சம் வாய மூடிக்கிட்டிருக்கக் கூடாதாக்கா?” என்று நான் சண்டைக்கே போனேன். “கேட்டாங்க, சொன்னேன்” என்றார். வருத்தம் இருந்ததோ என்னவோ, அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

எல்லாருக்கும் முக்கியமானதைச் சிவப்பில் போட வேண்டும். முதலில் போவதும் சிவப்புதான். இதை மட்டும் அவரால் யார் மண்டையிலும் ஏற்ற முடியவில்லை. ஒரு பஸ்காரர் பின்கதவில் ‘படியில் நிற்க வேண்டாம்’ என்று ஒட்டச் சொல்லி, ‘வேண்டாம்’ மட்டும் பளிச்சென்று சிவப்பில் வேண்டும் என்று அடம்பிடித்தார். அக்கா சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. அடுத்த வருஷம் அந்த பஸ் ‘படியில் நிற்க’ என்று எல்லாரையும் அழைத்துக்கொண்டு பண்டாரவளை வரைக்கும் போய்வந்தது.

முருகன் கதை அதைவிடப் பெரிது. எங்கள் தோட்டத்துப் பக்கம் லொறி ஓட்டும் ஒரு பக்தர், முன் மூடியில் முருகனை ஒட்டியிருந்தார். ஒன்றரை வருஷத்தில் மேனியின் மஞ்சளும் சிவப்பும் போய் முருகன் முழு நீலமாகிவிட்டார். மருமகனுடைய மேனிக்குள் மாமன் வந்து இறங்கிவிட்டார் என்று பேச்சுக் கிளம்பியது. வேல் பிடித்த கிருஷ்ணனைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தது. லொறிக்கு மாலை போட்டு, மூடி மேலேயே சூடம் கொளுத்தினார்கள். அக்காவிடம் இதைச் சொன்னபோது நான் எதிர்பார்த்தது ஒரு சிரிப்பு. அவரோ கவலையோடு, “சூடத்த கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்க தம்பி, அந்தச் சூட்டுக்கு நீலமும் போயிரும்” என்றார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்கிற நானும் சிவப்புக்கு ஆசைப்பட்டவன்தான்.

அம்மா காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டாள். அப்பா இருக்கும்போதே போனதால் நிறைந்த பொட்டோடும் பூவோடும் தூக்கிப் போனோம். தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதது. அவளுக்கென்று இருந்த ஒரே படம் அடையாள அட்டைக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஸ்டுடியோவில் கொடுத்து அதற்கு நிறம் ஏற்றி, சிவப்புச் சேலையும் சிவப்புப் பொட்டுமாக வாங்கி வைத்திருந்தேன். அதை வேனின் பின் கண்ணாடியில் பெரிதாகப் போட ஆசை. அப்பா தினமும் காலையில் பிளேன்டீக் கோப்பையோடு லயத்து வாசலில் நின்று, வேன் வளைவு திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கும்போது அம்மா முகம் தெரியட்டுமே என்று நினைத்தேன்.

அக்கா படத்தை வாங்கிப் பார்த்தார். “பழைய படம் இருக்கா? கறுப்பு வெள்ளையிலயே போடுவம் தம்பி” என்றார்.

“எங்கம்மா என்ன, காலமெல்லாம் கறுப்பு வெள்ளையிலயா இருந்தா?” என்று கத்தினேன்.

“இந்தப் பொட்டு ஆறு மாசத்துல போயிரும்.”

அம்மாவின் முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, வேறு தெருவில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கடையில் போய் அடித்தேன். அங்கே யாரும் திசை கேட்கவில்லை. சிரித்த முகமாக ஒட்டிக் கொடுத்தார்கள். அம்மா ஜம்மென்று இருந்தாள்.

ஆறு மாசம் என்று அக்கா சொன்னதில் ஒரு மாசம்கூடப் பிசகவில்லை. பொட்டு முதலில் காவியானது, பிறகு சாம்பலானது, பிறகு இல்லவே இல்லை. சேலை ஊதாவாகி நீலமானது. முன்கண்ணாடியைப் பார்த்து ஓட்டுகிறவன் பின் கண்ணாடியை எங்கே பார்க்கிறான்? எனக்குத் தெரியவில்லை. காலையில் அப்பா வாசலுக்கு வராமல் போனது மட்டும் தெரிந்தது. முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் நான் புறப்படும்போது அவர் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “என்னப்பா, வாசலுக்கு வரலியா?” என்று கேட்டேன்.

“ஒங்கம்மா எப்படா பொட்டழிச்சா?” என்றார். “நான் இன்னும் உசுரோடதானே இருக்கேன்?”

ஓடிப்போய்ப் பின் கண்ணாடியைப் பார்த்தேன்; அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. அந்தச் சனிக்கிழமையே அப்பாவையும் ஏற்றிக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை வரும், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தயாராகத்தான் போனேன். அந்த வார்த்தை வரவேயில்லை. அவர் அப்பாவிடம் வழக்கமானதைத்தான் கேட்டார்.

“வண்டிய எந்தப் பக்கம் பாத்து நிப்பாட்டுவாருங்க ஐயா?”

“லயத்துல கெழக்க பாத்து நிக்கும் தாயி. அப்ப பின்பக்கம் மேக்க இருக்கும். டவுன்ல எங்க நிப்பாட்டுறானோ, அத இவனத்தான் கேக்கணும்.”

நீலமாய்ப் போன அம்மாவை அக்கா வெந்நீர்த் துணி வைத்து, முகம் கிழியாமல் கீழேயிருந்து மேலே மெதுவாக உரித்தார். உரித்ததைக் குப்பைக் கூடையில் போடாமல் ஒரு வெள்ளைத் தாளில் சுற்றி அப்பாவின் கையில் கொடுத்தார். அந்த ஒன்றுக்காகவே அவரை என் காலம் உள்ளவரை மறக்க மாட்டேன்.

பிறகு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வாங்கி, தனிக் கறுப்பு மையில் மட்டும் அடித்தார். எல்லா மையையும் கலந்து சாம்பல் நிறம் வரவைத்தால் கலந்ததில் மஞ்சளும் சிவப்பும் போய், முகம் ஒருநாள் பச்சையாகத் திரும்பும் என்றார். மேலே கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தாளும் ஒட்டினார். வேனின் பின்னால் அம்மா திரும்ப வந்தாள். அப்பா கிட்டே போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“பொட்டு கறுப்பா இருக்கே தாயி. அவ செவப்புதான் வப்பா.”

“அப்பா, சும்மா இருங்களேன்! கறுப்பு வெள்ளையில பொட்டு கறுப்பாத்தான் தெரியும்” என்று நான் பாய்ந்தேன்.

அக்கா கையைக் காட்டி என்னை அடக்கினார். உள்ளே போய், மை அடிக்காமல் நிறத்தோடே வருகிற சிவப்புத் தாளை எடுத்து, படத்திலிருந்த பொட்டின் அளவுக்கே மெஷினில் ஒரு வட்டம் வெட்டினார். கட்டரின் நுனியில் அதை ஏந்திக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினார். “நீங்களே வைங்க ஐயா” என்றார்.

அப்பாவுக்குக் கை நடுங்கும். கோப்பை பிடித்தால் பிளேன்டீ சிந்தும். அன்று நடுங்கியதா என்று நான் பார்க்கவில்லை; என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. திரும்பியபோது கறுப்புப் பொட்டின் மேல் சிவப்புப் பொட்டு இருந்தது.

அந்த நேரத்திலும் அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “இது அடிச்ச செவப்ப விட நிக்கும். ஆனா ஒரு வருஷந்தான். அதுக்கு மேல ரோசாப்பூ நெறமாயிரும்” என்றார். பன்னிரண்டு பொட்டுகளை ஒரு துண்டுத் தாளில் வெட்டிக் கொடுத்து, “மங்கினா மாத்திக்கோங்க. நகத்தால சொரண்டாதீங்க, வெந்நித் துணி வச்சு எடுங்க” என்று சொன்னார். நான் அதை வேனில் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டேன். கொஞ்ச நாளில் அது அங்கே இல்லை. நான் தேடவும் இல்லை.

தேட வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு வருஷம் போயிற்று, பொட்டு மங்கவில்லை. இரண்டு, மூன்று, நாலு வருஷமும் போயிற்று. சேலையின் கறுப்புக்கூடக் கொஞ்சம் வெளிறியது. பொட்டு மட்டும் நேற்று வைத்தது போல இருந்தது. அப்பா காலையில் வாசலில் நின்று வேன் வளைவு திரும்பும்வரை பார்த்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும் போயா நாள்களில் பள்ளிக்கூடம் இல்லை, வேனுக்கும் ஓய்வு. அன்றைக்கு வேனைக் கழுவுகிற வேலையை யாருக்கும் விடமாட்டார். வெந்நீர்க் கேத்தலோடு போவார். “என்னப்பா, வேனுக்கு எண்ணெ முழுக்கா?” என்று நான் நையாண்டி செய்வேன். “போடா ஒன் சோலியப் பாத்துக்கிட்டு” என்பார்.

என் வாய் சும்மா இருக்குமா? வேன் ஸ்டாண்டில் எல்லாரிடமும் பெருமையடித்தேன். அக்காவின் கணக்கையே தோற்கடித்த பொட்டு எங்கள் அம்மாவின் பொட்டு என்றேன். நேரே கடைக்கே போய்ச் சொன்னேன்.

“ஒரு வருஷமுன்னீங்களே அக்கா, வந்து பாருங்க. நாலு வருஷமாச்சு, அப்படியே நிக்குது! ஒங்க கணக்கு தப்பு.”

அவரிடம் இப்படிப் பேசினால் விடமாட்டார். எந்தத் தாள், எந்த வெயில் என்று அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அன்று எழுந்து வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொட்டைக் கிட்டத்தில் பார்த்தார். விரலால் ஒரு தடவை தொட்டார்.

“தப்புத்தான் தம்பி” என்றார். “அப்பா சொகமா இருக்காரா?”

நான் ஜெயித்துவிட்டேன் என்று அந்த வாரம் முழுவதும் ஸ்டாண்டில் ஒரே அலப்பறை.

அடுத்த மாசியில் அப்பா போய்விட்டார். காலையில் பிளேன்டீயை வைத்துவிட்டுக் கூப்பிட்டோம், எழும்பவில்லை. மற்றபடி எல்லாருக்கும் நடக்கிற மாதிரி எல்லாம் நடந்தது.

அவருடைய வருஷத் திதி நெருங்கிய சமயம், பின்பக்கம் தூசி தட்டிக்கொண்டிருந்த என் மனைவி, “அத்த பொட்டப் பாத்தீங்களா?” என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். ரோசாப்பூ நிறம். ஓரம் இன்னும் வெளுத்திருந்தது. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது. துக்கம் வரவேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். வேனை எடுத்துக்கொண்டு நேரே அக்கா கடைக்குப் போனேன்.

“நாலு வருஷம் நின்ன பொட்டு இந்த ஒரே வருஷத்துல எப்படிக்கா போகும்? என்ன தாள் குடுத்தீங்க?”

அக்கா கட்டரைக் கீழே வைத்தார்.

“ஒங்கப்பா வரலியே தம்பி” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். மாதம் ஒரு தடவை பிரஷர் கிளினிக்குக்கு அப்பாவை ஆஸ்பத்திரி வாசலில் நான்தான் இறக்கிவிடுவேன். கூட்டம் என்று எப்போதும் தாமதமாகத்தான் வருவார். அந்தத் தாமதமெல்லாம் இந்தக் கடையில்தான். முதல் பன்னிரண்டும் தீர்ந்த பிறகு ஒவ்வொரு கிளினிக் நாளும் நடந்தே இங்கே வந்து ஒரே ஒரு பொட்டு வெட்டி வாங்கிப் போயிருக்கிறார். போயாவுக்கு மாற்ற.

“மங்கினதுக்கப்பறம் மாத்துனா போதுங்க ஐயான்னு சொன்னேன். மங்க விடக்கூடாது தாயின்னாரு.”

“அன்னைக்கு நான் வந்து கத்துனப்ப ஏங்க்கா சொல்லல?”

“சொல்ல வேணாமுன்னு கேட்டிருந்தாரு. மவன் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியிறான், அது அப்படியே இருக்கட்டுமுன்னாரு.”

ஒரு டிரைவரின் வேலைக்காகக்கூட அடங்காத வாய் அது. அதை அப்பா ஒருவர்தான் அடக்கி வைத்திருக்கிறார். அதுவும், தன் கணக்கே தப்பு என்று என்னிடம் ஒத்துக்கொள்ளும் அளவுக்கு.

அக்கா மேசை டிராயரைத் திறந்து ஒரு சின்னத் தாளை எடுத்தார். ஒரே ஒரு பொட்டு. அப்பா வராமல் போன கிளினிக் நாளுக்காக வெட்டி வைத்தது, ஒரு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. இருட்டில் கிடந்ததால் இரத்தச் சிவப்பாக இருந்தது.

வெந்நீர்த் துணியோடு இருவரும் வெளியே வந்தோம். வெளுத்த பொட்டின் மேல் துணியை வைத்துப் பிடித்தேன். சூடேறியதும் விளிம்பைத் தூக்கினேன். கழன்று வந்தது. உள்ளே அம்மாவின் சொந்தப் பொட்டு இருந்தது. படத்தின் மற்ற கறுப்பெல்லாம் வெயிலில் சாம்பல் பூத்திருக்க, அது மட்டும் அடித்த அன்றிருந்த மாதிரி மையாக இருந்தது. இத்தனை வருஷமும் ஒரு பொட்டு வெயில்கூட அதன்மேல் பட்டிருக்கவில்லை.

“அம்பது தடவ மாத்தியிருப்பாரு” என்றார் அக்கா. “பாருங்க. ஒரு நூல் வெலகல.”

நடுங்கும் கை அது. நான் வேனுக்குப் பின்னால் நின்று அழுதேன். சந்தில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

நான் அழுது முடிக்கும்வரை அக்கா ஆறிப்போன துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். பிறகு புதுப் பொட்டைக் கட்டர் நுனியில் எடுத்து என்னிடம் நீட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கி அம்மாவின் நெற்றியில் வைத்து அழுத்தினேன்.

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“வெலகிருச்சு” என்றார். “எடங்கைப் பக்கம் கறுப்பு தெரியுது. எடுத்துட்டுத் திரும்ப வைங்க.”

எடுத்தேன். திரும்ப வைத்தேன்.